ஓர் ஆட்டம் முதிர்ந்த வரலாறு

மட்டக்களப்பு வாவியிலே வைகறைப் பொழுதில் வீச்சுவலை எறிவோரைப் பார்த்தவர்கள் ஒரு காட்சியைக் கவனித்திருப்பார்கள். இளைஞன் ஒருவன் தோள்வலிமை முழுவதையும் திரட்டி வலையை வீசுகின்றான். வலை விரியாமல் மடிந்து, கயிற்றுச் சுருளைப்போலத் தொப்பென்று நீரில் விழுகின்றது. சற்று அப்பால் தோணியில் நிற்கும் முதியவரோ பெருமுயற்சி எதுவும் செய்வதாகத் தெரிவதில்லை. இடுப்பு ஒருமுறை திரும்புகின்றது. கை மெல்லச் சுழல்கின்றது. வலை வட்டமாக விரிந்து, அதன் ஓரத்து ஈயக் குண்டுகள் யாவும் ஒரே நேரத்தில் நீரைத் தொடுகின்றன. இளைஞனுடைய புயவலிமை முதியவரிடம் இன்று இல்லை. ஆயினும் மீன் அகப்படுவது அவருடைய வலையிலேதான். இந்த வேற்றுமை எங்ஙனம் உண்டாகின்றது, எத்தனை ஆண்டுகளில் உண்டாகின்றது, அதற்கு எவையெவை துணை நிற்கின்றன என்பன எந்தக் கைத்திறனைப் பற்றியும் கேட்கத்தக்க கேள்விகளே.

டெனிஸ் விளையாட்டிலே இக்கேள்விக்கு விடையாக நிற்கும் ஒரு தமிழர் இராமநாதன் கிருஷ்ணன்.

டெனிஸ் நம் நாட்டுக் கிராமங்களுக்கு நெடுநாள் அந்நியமாகவே இருந்த ஆட்டம். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் அரசாங்க உத்தியோகத்தரும் தோட்டத்துரைமாரும் மாலை வேளைகளில் தங்கள் கழகங்களிலே ஆடிய ஆட்டம் அது. ஆகவே அதன் இயல்பை ஓரிரு சொற்களில் கூறிவிடுதல் நலம். களம் 78 அடி நீளமும், இருவர் மட்டும் ஆடும்போது 27 அடி அகலமும் உடையது. குறுக்கே ஒரு வலை. அது நடுவிலே 3 அடி உயரம். ஒருவர் தொடக்க அடியால் பந்தை எதிர்ப்புறத்துக் கட்டத்துக்குள் செலுத்த, மற்றவர் அதனைத் திருப்பி அடிக்கவேண்டும். இந்தத் தொடக்க அடியைச் ‘சேர்விஸ்’ என்பர். உலகின் தலைசிறந்த போட்டியாக மதிக்கப்படும் விம்பிள்டன் புற்றரையில் நடைபெறுவது. புற்றரையிலே பந்து உயர எழும்பாமல் வழுக்கிக்கொண்டு விரைந்து செல்லும். ஆதலால் வலிய சேர்விஸ் உடையவருக்குப் புற்றரை பாதி வெற்றியைத் தானே கொடுத்துவிடும். கிருஷ்ணனிடம் இல்லாதது அந்த வலிய சேர்விஸ் ஒன்றுதான். அது இல்லாமலே அவர் உலகத்து முதல் வரிசை வீரருள் ஒருவராயினார் என்பதிலேதான் இவ்வரலாற்றின் சுவை இருக்கின்றது.

1937ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் நாகர்கோவிலில் அவர் பிறந்தார். குடும்பம் தென்காசியைச் சேர்ந்தது. தந்தையார் டி. கே. இராமநாதன் தாமே போட்டிகளில் ஆடிப் பெயர் பெற்றவர். மகனுக்கு ஆசானும் அவரே. மட்டக்களப்புக் கிராமங்களில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார், ஆட வருபவனுக்கு முதலில் தாளக்கட்டைக் காலிலே படிய வைப்பார். வேடமும் பாட்டும் பின்னரே வரும். தந்தையாரிடம் கிருஷ்ணன் பெற்ற பயிற்சியும் அத்தகையதே எனலாம். பந்தை வலிந்து அடிப்பதற்கு முன், பந்து வரும் இடத்துக்கு உரிய காலத்திலே போய்ச் சேர்தல், மட்டையின் நடுவிலே அதனை ஏந்துதல், எதிரி நிற்காத இடத்தை நோக்கி அதனைச் செலுத்துதல் ஆகிய இவையே அவர் கையிலே முதலில் ஊறின. இளமையில் ஊறியது எளிதில் நீங்குவதில்லை. குறையாக ஊறியதும் அங்ஙனமே என்பதனைப் பின்னர்க் காண்போம்.

1953இல் விம்பிள்டன் சிறுவர் போட்டியின் இறுதியாட்டம் வரை வந்து, பில்லி நைட் என்னும் ஆங்கிலேயரிடம் அவர் தோற்றார். மறு ஆண்டு மீண்டும் சென்றார். 1954இன் இறுதியாட்டத்திலே அவுஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பரை வென்று பட்டம் பெற்றார். ஆசியக் கண்டத்தவர் ஒருவர் அப்பட்டத்தைப் பெற்றது அதுவே முதன்முறை. பத்திரிகைகள் இதனைக் கொண்டாடின. ஆனால் அதற்குப்பின் நிகழ்ந்தது அதனிலும் கருதத்தக்கது. தோற்ற கூப்பர் நான்கே ஆண்டுகளில், 1958இல், விம்பிள்டன் ஆடவர் பட்டத்தையே பெற்றுவிட்டார். வென்ற கிருஷ்ணனோ அந்த ஆண்டுகளில் உலக அரங்கின் ஓரத்திலேதான் நின்றார்.

காரணம் திறமைக் குறைவன்று. அக்காலத்து அவுஸ்திரேலிய இளைஞர் ஒருவர் தம் நாட்டிலேயே நாள்தோறும் உலகப் புகழ் பெற்ற வீரர்களோடு மோதிப் பழகலாம். தோல்வியிலும் ஒரு பாடம் கிடைக்கும். இந்தியாவில் கிருஷ்ணனுக்கு நிகராக ஆடுவோர் மிகச் சிலரே. அவர் எட்டு முறை இந்தியச் சாம்பியனாக விளங்கினார் என்பது பெருமைதான். ஆயினும் எளிதில் வெல்லக்கூடிய எதிரிகளுடன் ஆடுவது ஆட்டத்தை வளர்ப்பதில்லை. கல்லாத நீரிலே தோணி விட்டவன் கடல் அலையைக் கற்பதெங்ஙனம்? ஆண்டிற்குச் சில மாதங்கள் ஐரோப்பாவிலும் இங்கிலாந்திலும் ஆடக் கிடைத்த வாய்ப்பே அவருடைய உண்மையான பள்ளிக்கூடம் ஆயிற்று.

அப்பள்ளியின் பயன் 1959இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு இலண்டன் குவீன்ஸ் கழகப் போட்டியின் இறுதியிலே நீல் பிரேசரை வென்று பட்டம் பெற்றார். விம்பிள்டனில் மூன்றாம் சுற்றிலே அலெக்ஸ் ஒல்மெடோவிடம் தோற்றார். அந்த ஒல்மெடோவே அவ்வாண்டின் வெற்றி வீரர். பின்னர் டேவிஸ் கிண்ணப் போட்டியிலே, விம்பிள்டனில் இரண்டாம் இடம் பெற்றிருந்த றொட் லேவரை அவர் வென்றார். அன்று லேவருக்கு வயது 21, கிருஷ்ணனுக்கு 22. உலக வீரர்களைத் தரப்படுத்தியவர்களுள் ஒருவர் கிருஷ்ணனை மூன்றாம் இடத்தில் வைத்தார்.

இந்த ஆண்டிலேதான் அவர் வாழ்வின் பெரிய கேள்வி அவர்முன் வந்து நின்றது. அக்காலத்திலே டெனிஸ் வீரர் இரு சாதியினர். ஊதியம் பெறாது ஆடுவோர் ஒரு சாதி. பணத்துக்கு ஆடும் தொழில்முறையாளர் மற்றொரு சாதி. விம்பிள்டனும் டேவிஸ் கிண்ணமும் முன்னையவருக்கே திறந்திருந்தன. தொழில்முறையாளராக மாறியவர் அன்றே அவ்வாயில்களுக்கு வெளியே நிற்கவேண்டும். அவர்களுடைய வாழ்வு ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுவின் வாழ்வை ஒத்தது. இன்று ஒரு நகரம், நாளை வேறொரு நகரம். ஆனால் எதிரே நிற்பவர்கள் மட்டும் அதே நாலைந்து மாபெரும் வீரர்கள். அக்குழுவை நடத்தியவர், 1947இல் விம்பிள்டன் வென்ற அமெரிக்கரான ஜக் கிறேமர். அவர் கிருஷ்ணனுக்கு மூன்று ஆண்டுகளுக்கு 150,000 டொலர் தருவதாக அழைப்பு விடுத்தார். கிருஷ்ணன் மறுத்துவிட்டார். இந்தியாவுக்காக ஆடும் உரிமையை விட்டுக்கொடுக்க அவர் விரும்பவில்லை.

இம்மறுப்பைத் தேசபக்தி என்று புகழ்ந்துவிட்டு அப்பால் செல்வது எளிது. பலரும் அங்ஙனமே செய்தனர். ஆயினும் ஓர் ஆட்டக்காரரின் வளர்ச்சியை ஆராய்வோர் அங்கே சற்று நிற்கவேண்டும். கிருஷ்ணனிடம் தோற்ற லேவர் 1962இல் உலகின் நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றுவிட்டு, 1963இல் தொழில்முறையில் புகுந்தார். புகுந்தவுடன் நிகழ்ந்தது யாது? லூ ஹோட், கென் றோஸ்வோல் என்னும் இருவருடன் ஆடிய முதல் 21 ஆட்டங்களில் 19இல் தோற்றார். வெளியுலகில் வெல்ல முடியாதவராக விளங்கியவர், அங்கே புதிய மாணாக்கர். தோற்றுத் தோற்றுக் கற்றார். 1968இல் இரு சாதியினருக்கும் வாயில்கள் திறக்கப்பட்டபோது அவ்வாண்டே விம்பிள்டனை வென்றார். 1969இல் நான்கு பட்டங்களையும் மீண்டும் ஒருசேரப் பெற்றார். கிருஷ்ணனிலும் ஓராண்டே இளையவர் அவர். முப்பதைக் கடந்த பின்னரும் அவருடைய ஆட்டம் வளர்ந்துகொண்டே இருந்தது.

லேவருக்கு வலிய கை இருந்தது, கிருஷ்ணனுக்கு இல்லையே என்று கூறுவார் உளர். அவர்களுக்கு விடையாக நிற்பவர் றோஸ்வோல். அவரும் உருவிற் சிறியவர். அவருடைய சேர்விஸும் எவரையும் அச்சுறுத்தியதில்லை. 1957இல் தொழில்முறையில் சேர்ந்த அவர், 1974இல், தமது 39ஆம் வயதிலே, விம்பிள்டன் இறுதியாட்டத்திலும் அமெரிக்க இறுதியாட்டத்திலும் நின்றார். மென்மையான ஆட்டமும் அந்தக் கடும்பள்ளியிலே பழுக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆகவே கிருஷ்ணன் மறுத்தது பணத்தை மட்டுமன்று. தம் ஆட்டம் பெற்றிருக்கக்கூடிய ஒரு பகுதி வளர்ச்சியையும் மறுத்தார் என்றே கொள்ளவேண்டும். அவர் கொடுத்த விலையைக் குறைத்துச் சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

எனினும் அவருடைய ஆட்டம் அதனுடன் நின்றுவிடவில்லை. அது வேறொரு வழியிலே முதிர்ந்தது. 1960இல் விம்பிள்டன் கால் இறுதியில் சிலி நாட்டின் லூயிஸ் அயாலாவை வென்று அரை இறுதிக்கு வந்தார். அங்கே, முன் ஆண்டு தாம் குவீன்ஸ் கழகத்தில் வென்ற பிரேசரிடம் தோற்றார். 1961இல் கால் இறுதியிலே றோய் எமர்சனை மூன்று நேர் செற்களில் வென்றார். எமர்சன் என்பவர் பின்னாளில் பெரும்போட்டிகளில் பன்னிரண்டு தனிப் பட்டங்களைக் குவித்தவர்; வலிமைக்கும் ஓட்டத்துக்கும் பெயர் போனவர். அத்தகையவர் அன்று பந்தைத் தேடி ஓடுபவராகவே காணப்பட்டார்.

அந்த ஆட்டத்தின் உள்ளியல்பை விளக்குவது கடினமன்று. எமர்சன் போன்றோர் சேர்விஸ் அடித்தவுடன் வலையை நோக்கி விரைவர். திரும்பி வரும் பந்தை நிலத்தில் படுமுன் அடித்து முடிப்பதே அவர்கள் நோக்கம். அவர்களைத் தாண்டி வேகமாக அடிக்க முயல்பவர், அவர்களுக்கு வேண்டிய வேகத்தையே இரவல் கொடுத்தவராவர். கிருஷ்ணன் அங்ஙனம் செய்வதில்லை. ஓடி வருபவரின் கால்மாட்டிலே பந்தை மெதுவாக விழச்செய்வார். குனிந்து எடுக்கவேண்டிய பந்தை எவராலும் வலிந்து அடிக்க இயலாது. அது மேல்நோக்கியே எழும். எழுந்த பந்தை எதிரி இல்லாத மூலைக்கு அனுப்புவது கிருஷ்ணனுக்கு இலகு. நிலத்தில் பட்டு எழும் அக்கணமே பந்தை ஏந்தும் ‘அரை வொலி’ என்னும் அடியைப் பெரும்பாலோர் வேறு வழியின்றியே அடிப்பர். அவரோ அதனை விரும்பி அடித்தார். இவையெல்லாம் கண்ணும் காலும் கையும் ஒன்றுபட்டாலன்றி ஆகாதவை. ஒரு கணம் முந்தினும் பிந்தினும் பந்து வலையிலே சிக்கும். வீச்சுவலைக் குண்டுகள் ஒருசேர நீரைத் தொடுவதைப் போன்ற காலக் கணக்கு அது.

ஆனால் அரை இறுதியிலே லேவர் காத்திருந்தார். 1959இல் தோற்றவர் இரண்டு ஆண்டுகளில் வளர்ந்திருந்தார். பிரேசர், லேவர் இருவருமே இடக்கையர் என்பதும் கவனிக்கத்தக்கது. இடக்கையரின் சேர்விஸ் வலக்கையரின் இடப்புறமாக வளைந்து விலகும். புற்றரையிலே அதனைத் திருப்புவது இரட்டிப்புக் கடினம். கிருஷ்ணனுடைய சொந்தச் சேர்விஸோ இளமையில் இருந்தபடியே மென்மையாக இருந்தது. எதிரிக்கு அது முதல் அடியிலேயே ஓர் அழைப்பு. இரண்டு ஆண்டுகளும் நேர் செற்களிலேயே தோல்வி. அவரை வென்ற இருவருமே அவ்வவ்வாண்டின் சாம்பியன்கள். 1962இல் அவருக்கு விம்பிள்டன் வரிசையிலே நான்காம் இடம் ஒதுக்கப்பட்டது. கணுக்காலில் ஏற்பட்ட காயத்தினால் இடையிலேயே விலக நேர்ந்தது. அர்ஜுனா விருதும் பத்மஸ்ரீ விருதும் அக்காலத்தில் வந்தன. விம்பிள்டன் பட்டம் வரவேயில்லை.

முதிர்ச்சியின் சிறந்த சாட்சி 1966இல் கல்கத்தாவில் கிடைத்தது. டேவிஸ் கிண்ணப் போட்டியில் இந்தியாவும் பிறேசிலும் தலைக்கு இரண்டு வெற்றிகளுடன் சமநிலையில் நின்றன. எஞ்சியிருந்தது ஓர் ஆட்டம். எதிரே நின்றவர் தோமஸ் கொக், அவரும் இடக்கையரே. கிருஷ்ணனுக்கு வயது 29. முதலாம் செற்றைக் கொக் 6–3 என எடுத்தார். இரண்டாவதைக் கிருஷ்ணன் 6–4 என எடுத்தார். மூன்றாவது 12–10 என நீண்டு கொக்கிடம் சென்றது. சமநிலையை விரைவில் தீர்க்கும் இக்காலத்து விதி அன்று இல்லை. இருவரில் ஒருவர் இரண்டு கேம்கள் முந்தும்வரை ஆடியே ஆகவேண்டும். நான்காவதிலே கொக் 5–2 என முன்னணியில் நின்றார். இன்னும் ஒரு கேம் கிடைத்தால் எல்லாம் முடிந்தது.

அந்நிலையில் இளைஞர் ஒருவர் செய்யக்கூடியது யாது? துணிந்து ஓங்கி அடித்துப் பார்ப்பார். விழுந்தால் பலன், விழாவிட்டால் விதி. கிருஷ்ணன் தம் ஆட்டத்தை மாற்றவில்லை. பந்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். எதிரிக்கு ஒவ்வொரு பந்தையும் மேலும் ஒருமுறை அடிக்கவேண்டிய கட்டாயத்தை உண்டாக்கினார். வெற்றிக்கு அண்மையில் நிற்பவருக்கு அந்த மேலும் ஓர் அடியே பாரமாகும். தொடர்ந்து ஐந்து கேம்களை எடுத்து 7–5 என்று அந்தச் செற்றை வென்றார் கிருஷ்ணன். ஐந்தாவது 6–2. இந்தியா முதன்முறையாக டேவிஸ் கிண்ணத்தின் இறுதிச் சவாலுக்குத் தகுதி பெற்றது. அதே ஆண்டின் இறுதியில் மெல்பேணில் அவுஸ்திரேலியா 4–1 என்று வென்றது உண்மையே. அந்த ஒரு வெற்றி, ஜோன் நியூகம்ப், டோனி றோச் என்னும் உலகப் புகழ் பெற்ற இணையரைக் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இரட்டையர் ஆட்டத்தில் தோற்கடித்ததால் கிடைத்தது.

1959இல் கிறேமரின் பணத்தை ஏற்றிருந்தால் கல்கத்தாவின் அந்த நாள் இருந்திராது. றோஸ்வோல் பெற்றதைக் கிருஷ்ணன் இழந்தார். றோஸ்வோல் பெறாத ஒன்றைக் கிருஷ்ணன் பெற்றார். எது கனமானது என்று தராசிலிட்டுப் பார்க்க இயலாது. டேவிஸ் கிண்ணத் தனியாட்டங்களில் 50 வெற்றிகள், 19 தோல்விகள் என்பது அவருடைய கணக்கு. 1967இல் பத்மபூஷண் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1968இல் வாயில்கள் திறந்தபோது அவருக்கு வயது 31. புதிய வாழ்வு தொடங்க அவருக்குக் காலம் கடந்திருந்தது.

அடுத்த தலைமுறை தொழில்முறையிலேயே வளர்ந்தது. சென்னையில் 1953இல் பிறந்த விஜய் அமிர்தராஜ், குழந்தைப் பருவத்தில் மூச்சு நோயால் வருந்தியவர். நெடிய உருவமும் வலிய சேர்விஸும் அவருக்கு வாய்த்தன. 1973இல் விம்பிள்டன், அமெரிக்கா ஆகிய இரு போட்டிகளிலும் கால் இறுதிக்கு வந்தார். பன்னிரண்டு மாதமும் உலகைச் சுற்றி ஆடும் அந்த வாழ்வு கிருஷ்ணன் காலத்தில் ஊதியமின்றி ஆடியவருக்குக் கிட்டாதது. ஆயினும் அவ்வளர்ச்சிக்கும் ஓர் எல்லை இருந்தது. 1979இல் போர்க்குக்கு எதிராகவும் 1981இல் கொனர்ஸுக்கு எதிராகவும் விம்பிள்டனில் முன்னணியில் நின்று பின் தோற்றார். வாய்ப்பு மிகுந்தால் மட்டும் ஆட்டம் முழுமை பெற்றுவிடும் என்று கருதுவோர் அவ்விரு ஆட்டங்களையும் எண்ணிப் பார்க்கலாம்.

கிருஷ்ணனின் மகன் ரமேஷ் 1961இல் பிறந்தார். பாட்டனார் டி. கே. இராமநாதனின் கண் அவர்மீதும் இருந்தது. 1979இல், தந்தை வென்று சரியாக 25 ஆண்டுகளுக்குப் பின், அதே விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை மகனும் வென்றார். ஆட்டமும் தந்தையின் ஆட்டமே. மென்மையான சேர்விஸும் பரம்பரைச் சொத்துப்போல வந்து சேர்ந்தது. ஆனால் காலம் மாறியிருந்தது. மரமட்டை போய்க் கரிநார் மட்டை வந்துவிட்டது. பந்தின் வேகம் பெருகிவிட்டது. அந்த வேகத்தின் நடுவே மூத்தோரின் நுண்மையைத் தொழிலாகக் கொண்டு வாழ்வது ரமேஷுக்கு வாய்த்த சோதனை. அவர் உலக வரிசையில் 23ஆம் இடம் வரை உயர்ந்தார். 1986இல் விம்பிள்டன் கால் இறுதியில் ஆடினார். 1987இல் சிட்னியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான கடைசி ஆட்டத்திலே வொலி மசூரை வென்று இந்தியாவை டேவிஸ் கிண்ண இறுதிக்குக் கொண்டு சென்றார். இறுதியாட்டத்தில் சுவீடன் ஐந்து ஆட்டங்களையும் வென்றது.

சுவீடனின் மற்ஸ் விலாண்டர் 1988இல் மூன்று பெரும் பட்டங்களை வென்று உலக வரிசையில் முதலிடத்துக்கு உயர்ந்தவர். 1989 ஜனவரியில் அவுஸ்திரேலியப் போட்டியைக் காத்துக்கொள்ள அவர் மெல்பேணுக்கு வந்தார். இரண்டாம் சுற்றிலே ரமேஷ் எதிர்ப்பட்டார். ரமேஷுக்கு அப்போது வயது 27; தொழில்முறையில் பத்தாண்டு அனுபவம். விலாண்டர் பின்கோட்டிலே நின்று, பந்தை இடையறாது திருப்பி எதிரியைக் களைப்படையச் செய்பவர். ரமேஷோ எழும் பந்தை முன்னதாகவே ஏந்தி, அவர் மீண்டும் நிலைகொள்ளும் முன் மறுபுறத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மூன்று நேர் செற்களில் ஆட்டம் முடிந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் தந்தையார் நியூகம்பையும் றோச்சையும் வென்றதும் அந்த நகரிலேதான்.